கம்பவுண்டரம்மாவின் கரும்பச்சைக் கார்

காரை ஓட்டுவதற்காக வைத்திருப்பவர்கள் உண்டு. நாலு பேர் பார்க்கட்டும் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் தேய்ப்பதற்காகவே ஒரு காரை வைத்திருந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் பதுளையில் இருந்தார். எங்களுக்குச் சோறும் கட்டிலும் கொடுத்து, மேலதிகமாகத் திட்டும் கொடுத்து வந்த கம்பவுண்டரம்மா.

பெயரைக் கேட்டதும், அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவராக இருந்திருப்பார் என்று நினைப்பீர்கள். பதுளையில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். மனிதர் உண்மையில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸில் பெரிய கிளாக்கர். 'கம்பவுண்ட்' என்பது காரின் பெயின்டைத் தேய்த்து மெருகேற்றும் களிம்பு. அந்த டப்பாவும் கையுமாகவே அம்மா எந்நேரமும் தெரிந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விஷயம் தெரியாதவர்கள் இருமிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். "நான் மருந்து குடுக்கிறவ இல்லப்பா" என்று சொல்லி அனுப்பலாம் அல்லவா? மாட்டார். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்து, ஒரு கோப்பை கொடுத்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். குணமாகிவிடும். அடுத்த முறை அவர்கள் அண்டை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

நான் அங்கே தங்கியது எழுபதுகளின் நடுப்பகுதியில். பதுளை பசாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எனக்கு வேலை. என் அறைத்தோழன் ரத்னம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். நாட்டில் அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு நிலவிய அந்தக் காலத்திலும், இஸ்திரி மடிப்புக் கலையாமல் நடமாடிய ஒரே ஆண்பிள்ளை.

பெரிய கிளாக்கர் காலமானபோது அம்மாவுக்கு விட்டுப்போனது இந்த வீட்டையும் 'ஏ போட்டி' என்கிற ஒரு பழைய சீமைக் காரையும். உயிரோடு இருந்தவரை ஸ்டியரிங்கை அம்மா தொடுவதற்கு அவர் விட்டதில்லையாம். அவர் போன பிறகு தோட்டத்து லொறி டிரைவரிடம் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டு, அதே காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு இறங்கி வந்தவர் அம்மா. கார் ஒரு காலத்தில் கரும்பச்சையாம். நான் பார்க்கும்போது அது எந்த நிறத்திலும் சேராது. மேலெல்லாம் மாவு பூத்திருக்கும். தெரியாமல் சாய்ந்துவிட்டால் சட்டையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அதுவரை அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஒரு நாள் பசாரில் காரை நிறுத்திவிட்டு மரக்கறி வாங்கப் போனார். திரும்பி வந்தபோது, பக்கத்தில் வாடகைக்கு நின்ற ஒரு ஹயரிங் கார் டிரைவர், மிகவும் மரியாதையாகத்தான், கேட்டான்:

"அம்மா, இதுதான் காருங்களா? இல்ல, சாக்கு போட்டு மூடி வச்சிருக்கீங்களா?"

அன்றைக்கு எங்களுக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மறுநாள் காலையில் பற்பொடியும் இல்லை. என்னுடையதும் ரத்னத்தினுடையதும் காரின் டிக்கிமேல் போய்ச் சேர்ந்திருந்தன. அடுத்ததாக அடுப்புச் சாம்பல், அதற்கடுத்து செங்கல் தூள். கார் அசைந்து கொடுக்கவில்லை. இனி முறையான சாமான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அம்மா எங்கள் கடைக்கே வந்துவிட்டார்.

என் முதலாளி பதுளையில் பழைய முஸ்லிம் வியாபாரி. எந்தச் சாமானையும் 'இல்லை' என்று சொல்வது அவருடைய நாவுக்குப் பழக்கமில்லை.

"காருக்குத் தேய்க்கிறதுல எத்தனை வகை இருக்கு நானா?" என்று அம்மா கேட்டார்.

"கரகரப்பானது ஒண்ணு ஈக்கி. நைஸானது ஒண்ணு ஈக்கி. அதுக்கு மேல போட பொலிஷ் ஈக்கி. எல்லாம் முதல் தரம்."

"எது நல்லது?"

"இப்ப கடையில ஈக்கிறதுதான் நல்லது" என்று கரகரப்பான டப்பாவை எடுத்து வைத்தார் முதலாளி. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று போயிருந்த காலம். அந்த டப்பா எத்தனை வருடமாக அலுமாரியில் இருந்ததோ, உள்ளே களிம்பு கல்லாகியிருந்தது. அம்மா அதை உளியால் கொத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் குழைத்தார். கரகரப்பான சாமானுக்குக் கரகரப்பான துணிதான் பொருத்தம் என்று தாமாகவே முடிவு செய்து, அரிசிச் சாக்கைக் கிழித்து நாலாக மடித்துக்கொண்டார். அப்புறம் அம்மி அரைக்கிற பலத்தோடு டிரைவர் பக்கக் கதவின்மேல் இறங்கினார்.

சற்று நேரத்தில் வீடே அதிரும்படி ஒரு சத்தம். "ஐயோ, கார் சாயம் போவுது! ரத்னம், ஓடி வா, சாயம் போவுது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். சாக்கு முழுவதும் பச்சை. கொஞ்ச நேரத்தில் கார் முழுதும் வெளுத்து வெறும் தகரமாகிவிடும் என்று நினைத்து அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது மேலே செத்துப்போன பெயின்ட், வந்துதான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. ஆனால் தண்ணீர் வடிந்ததும் இன்னொன்று தெரிந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது கதவு முழுவதும் கோழி கிளறின வாசல் மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல்.

அம்மா அந்தக் கதவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, தேய்ப்பைப் பற்றிய தம்முடைய முதல் தத்துவத்தைச் சொன்னார்.

"களிம்பு முரடா இருந்தா துணி சாதுவா இருக்கணும் தம்பி. ரெண்டுமே முரடா இருந்தா குடும்பம் நடக்காது."

அடுத்த தத்துவமும் சீக்கிரம் வந்தது. எதையும் முதலில் ஆட்கள் பார்க்காத இடத்தில், சின்னதாக, ஆக மென்மையான சாமானைக் கொண்டு தேய்த்துப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பின்பம்பருக்குக் கீழே, உள்ளங்கையளவு இடம் ஒன்று இதற்கென்று ஒதுக்கப்பட்டது. அம்மா இந்த விதியைச் சமையலுக்கும் பாவித்தார். புதிதாக ஏதாவது கறி வைத்தால் முதலில் எனக்குத்தான் துளி வரும். நான் ஆட்கள் பார்க்காத இடம் என்று பொருள்.

ஆனால் களிம்பை விடவும் அம்மாவைப் பிடித்து ஆட்டியது துணிதான். துணியில் இத்தனை சாதி இருக்கிறது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. நைலோன் வழுக்கிக்கொண்டு ஓடியது. வெல்வெட் நூல் உதிர்த்தது. துவாய் மண் துகளை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு கீறியது. நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்துபோன ஆண்பிள்ளை பனியன்தான் கரகரப்புக் களிம்புக்குச் சரியான சோடி என்று கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு நானும் ரத்னமும் சட்டைக்குள் ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வந்தோம். ஒரு களிம்புக்குப் பாவித்த துணியை இன்னொன்றுக்குத் தொடமாட்டார். கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்த துணியை அத்தோடு கைகழுவிவிடுவார். "கீழ விழுந்துட்டா அது துணி இல்ல, அரம்" என்பார்.

வெளியிலும் இந்தப் பித்து தொடர்ந்தது. கோயிலில் தீபாராதனைக்கு எல்லோரும் கைகூப்பி நிற்கும்போது, அம்மா முன்னால் நிற்கிற முன்பின் தெரியாத மனிதரின் சட்டை ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் திரும்பினால், "கோவிச்சுக்காதீங்க. இது கிழிஞ்சா வீசிறாதீங்க, எனக்குச் சொல்லுங்க" என்பார்.

இப்படியிருக்க, முதலாளி எங்கிருந்தோ ஒரு சின்ன டப்பா நைஸ் களிம்பு பிடித்துத் தந்தார். வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் அருமை கருதி அம்மா அதைச் சாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். அவசரமாகப் பள்ளிக்கூடம் கிளம்பிய ரத்னம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மூன்று விரலால் அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் வியர்வையில் துடைத்துத் துடைத்து, சாயங்காலம் வீடு திரும்பும்போது அவனுடைய நெற்றியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, நெற்றியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான்" என்றார்.

ரத்னம் இதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஃபிளனல் விவகாரத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. கடைசி மெருகுக்குப் பொலிஷ் போட ஃபிளனல் துணிதான் வேண்டும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பதுளை முழுவதும் தேடியும் ஃபிளனல் இல்லை. ஆனால் ரத்னத்திடம் பாலாடை நிறத்தில் ஒரு ஃபிளனல் லோங்ஸ் இருந்தது. அந்தக் காற்சட்டையை அவன் கல்யாணங்களுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் மட்டும் போடுவான். ஒரு சனிக்கிழமை கல்யாணமொன்றுக்குக் கிளம்பப் பெட்டியைத் திறந்தவன், லோங்ஸைத் தூக்கிப் பிடித்தபடி அறை வாசலில் வந்து நின்றான். அதற்கு ஒரு கால்தான் இருந்தது.

"அம்மா! இது என்னங்கம்மா?"

"ஏன், ஒரு காலுதானே எடுத்தேன்?" என்றார் அம்மா. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "முழுசா எடுத்திருந்தா நீ கேக்கலாம்."

ரத்னம் மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் அவனுக்குத் தட்டில் முட்டை இருந்தது; எனக்கு இல்லை. முட்டைக்காகவாவது எனக்கும் ஒரு லோங்ஸ் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படித் தட்டுத்தடுமாறிக் கார் மெல்ல மெல்லப் பச்சையாகிக்கொண்டு வந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தது. அப்புத்தளையில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். பெண்ணின் பெயர் வசந்தா. எனக்குப் பெற்றோர் இல்லை. பெரியவர் என்று சொல்ல மொனராகலையில் ஒரு சித்தப்பா இருந்தார். கரும்பு வெட்டு நேரம், வர முடியாது என்று அவர் ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். எப்படித் தனியாகப் போய் நிற்பது என்று நான் ரத்னத்திடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏன் தனியா? நான் செத்தா போனேன்? கார்லயே போவோம்."

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. கடைக்காரக் குடும்பம், பையன் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறான் என்று வாசலிலேயே எடை போட்டுவிடுவார்கள், கார் பேச வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. வெயிலில் தேய்த்தால் களிம்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று கொட்டகை நிழலுக்குள் காரை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு சாண் இடமாக எடுத்துக்கொண்டு முன்னேறினார். கதவுகள் மின்னின. பொனட்டில் கொட்டகைக் கூரையின் ஓட்டை தெரிந்தது. நானும் கையைக் கொடுக்கிறேன் என்றால், "உன் கை சொரசொரன்னு இருக்கு, போய்க் குளி" என்று விரட்டிவிடுவார்.

கிளம்புவதற்கு முதல் நாள் நான் கடையிலிருந்து வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. அம்மா கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கோழிகள் அவருடைய காலைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. தவிடு வைக்க மறந்திருக்கிறார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். இடது பக்க முன் சக்கரத்தை மூடும் மட்கார்டின் மேல்விளிம்பில், மடிப்பு வளைகிற இடத்தில், பச்சை போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒரு வெற்றிலையளவுக்கு இளித்துக்கொண்டிருந்தது. விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும். அங்கே கையை இலேசாக விட வேண்டும். அது அம்மாவுக்குத் தெரிந்த விஷயம்தான்.

"பளபளப்பு வருதுன்னு நெனச்சேன் தம்பி" என்றார். "அடியில கெடந்ததுதான் வந்திச்சு. ஒன் காரியமாச்சேன்னு கொஞ்சம் கூட அழுத்திட்டேன்."

எனக்கு அப்புத்தளையும் மறந்தது, பெண்ணும் மறந்தது. "அதுக்கென்னங்கம்மா, சின்ன இடம்தானே" என்றேன். அவர் கேட்கவில்லை. பஸ்ஸிலேயே போய்விடுங்கள் என்றார். ரத்னம்தான் நிலைமையைக் காப்பாற்றினான். "காருக்கு ரெண்டு பக்கம் இருக்குங்கம்மா" என்றான், வகுப்பில் சொல்கிற மாதிரி. "வலது பக்கத்த வீட்டுப் பக்கமா நிப்பாட்டினா முடிஞ்சுது."

அம்மா எழுந்து கோழிக்குத் தவிடு வைத்தார்.

மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினோம். ஹாலி-எல தாண்டி, தெமோதரை தாண்டி, பண்டாரவளைக்குக் கிட்டப் போகும்போது ஒரு லொறி எங்கள்மேல் சேற்றை அள்ளித் தெளித்துவிட்டுப் போயிற்று. அம்மா காரை நிறுத்திவிட்டார். மலையிலிருந்து தகரப் பீலி வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில், மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த நான் வாளியில் பிடித்துப் பிடித்துக் கொடுக்க, அம்மா மேலிருந்து கீழாக ஊற்றிக் கழுவினார். "தொடாத! மண்ணோட தொட்டா கீறும்! தண்ணி மட்டும்!" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி உத்தரவு. தேயிலைக் கூடைகளோடு போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேருவோமா என்று ரத்னம் தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

அப்புத்தளைக்குள் நுழைந்தோம். நுழைந்தோம் என்று அம்மா சொன்னதால்தான் தெரியும். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை, பனிமூட்டம் அப்படியே வெள்ளைப் போர்வையாக இறங்கிக் கிடந்தது. காரின் பொனட் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியவில்லை. ரத்னம் இறங்கி முன்னால் நடந்து, கையால் தடவித் தடவிக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு போனான். ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்து நிறுத்தினோம்.

குரல் கேட்டு வசந்தாவின் அப்பா வெளியே வந்தார்.

"வாங்க, வாங்க! இந்தப் பனியில கஷ்டப்பட்டு வந்திருக்கீங்க. பஸ் நேரத்துக்கு வந்திச்சா?"

கம்பவுண்டரம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூச்சு நின்றது கேட்டது.

"பஸ்ஸா? கார்ல வந்தோம்ங்க."

"அப்படிங்களா! கார் எங்க?"

"உங்க முன்னாலதான் நிக்குது!"

அவர் பனிக்குள் கையை நீட்டித் துழாவினார். "ஆமா, ஏதோ இருக்கு" என்றார். "சரி, உள்ள வாங்க."

"வர்றோம். பனி கொஞ்சம் வெலகட்டும்" என்றார் அம்மா.

"அது எப்ப வெலகும்னு சொல்ல முடியாதுங்களே. உள்ள உக்காந்து..."

"பரவாயில்லங்க. காத்து நல்லா இருக்கு."

பல் கிட்டுகிற குளிர். மாப்பிள்ளை வீட்டார் வாசல் ஏறாமல் நடுரோட்டில் நின்றுகொண்டு காற்று நன்றாக இருக்கிறது என்றால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஏதோ கோபம் என்று அவர்கள் உள்ளே கிசுகிசுப்பது எனக்குக் கேட்டது. அப்போதுதான் நான் இன்னொன்றைக் கவனித்தேன். பனியில் திசை தெரியாமல் அம்மா காரின் இடது பக்கத்தை வீட்டுப் பக்கமாக நிறுத்தியிருந்தார். நான் மெல்ல நகர்ந்து மட்கார்டை மறைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து வளையல் சத்தம் வந்தது. விருந்தாளிகள் உள்ளே வராததால், தேத்தண்ணி வெளியே வந்துவிட்டது. தட்டை ஏந்தி வந்தவள் வசந்தா. பெண் பார்க்கப் போனவன் பெண்ணைப் பார்த்த விதம் இதுதான்: முதலில் ஒரு தட்டு, பிறகு இரண்டு கை, வெகுநேரம் கழித்து ஒரு மூக்குத்தி. எனக்கு ஒரு கிளாஸைக் கொடுத்துவிட்டு, மற்றதை எடுக்கத் தட்டைச் சரிசெய்தவள், ஒரு கிளாஸை மட்கார்டின்மேல் வைத்துவிட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்த கிளாஸ்.

"ஐயோ, பொலிஷ் உருகிரும்!" என்று அம்மா அலறினார்.

வசந்தா பதறிப்போய்க் கிளாஸைத் தூக்கினாள். சிந்தியதைத் துடைக்கச் சேலைத் தலைப்பை எடுத்தாள்.

"அதுல வேணாம்மா! சரிகை! கீறிப்புடும்!"

இந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அழுதுகொண்டு உள்ளே ஓடியிருப்பாள். வசந்தா ஒரு கணம் யோசித்தாள். தலைப்பை மடக்கிச் சரிகையை உள்ளே தள்ளினாள். மெத்தென்ற பக்கத்தை விரலில் சுற்றிக்கொண்டு, அழுத்தாமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒற்றிக்கொண்டு வந்த விரல் அந்த விளிம்பில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"இந்த எடம் மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

"கூடத் தேய்ச்சிட்டாங்க."

"எதுக்கு?"

"உங்க வீட்டுக்கு வரணும்னு."

பனிக்குள் ஒரு சிரிப்புக் கேட்டது. "எங்க ஊருல பனின்னு ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலீங்களா?"

அந்தச் சிரிப்போடு என் வரையில் காரியம் முடிந்துவிட்டது. ஆனால் அம்மாவின் வரையில் அப்போதுதான் ஆரம்பித்தது. ஏனென்றால் பனி விலகியது. மெல்ல விலகவில்லை, யாரோ துணியை உருவின மாதிரி ஒரே வீச்சில் போயிற்று. வெயில் வந்து விழுந்தது. கரும்பச்சைக் கார் நடுரோட்டில் நின்று தகதகத்தது. எதிர்க்கடைப் பெயர்ப்பலகை கதவில் இடவலம் மாறிய எழுத்தாகத் தெரிந்தது. வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடினார்கள். வசந்தாவின் அப்பா, "அடேங்கப்பா! இவ்வளவு நேரம் இதுவாங்க நின்னுச்சு?" என்றார்.

அம்மா அதை ரசிக்கவே இல்லை. ஒரே தாவலில் என்னைத் தள்ளிவிட்டு மட்கார்டில் சாய்ந்து, போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டார்.

"இப்ப பனி வெலகிருச்சே, உள்ள வாங்க" என்றார் வசந்தாவின் அப்பா.

"வர்றோம்" என்றார் அம்மா. அசையவில்லை.

"கேசரி ஆறுதுங்க."

"ஆறட்டுங்க. வெயில் நல்லா இருக்கு."

முதலில் கார் தெரியவில்லை என்று உள்ளே போகாதவர், இப்போது கார் தெரிகிறதே என்று உள்ளே போக முடியாமல் தவித்தார். வசந்தாவின் அப்பாவுக்கு முகம் மாறத் தொடங்கியது. சம்பந்தம் முறிவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்கள் போதும் என்று எனக்குத் தெரியும். ரத்னம் தன் புது லோங்ஸின் மடிப்பை நீவிக்கொண்டான்.

அப்போது வசந்தா உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கையில் வெற்றிலைத் தட்டு, மறு கையில் நைந்து பஞ்சாகிப்போன ஒரு பழைய வாயில் சேலைத் துண்டு. அம்மாவின் பக்கத்தில் போய், "கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்றாள் மெதுவாக. அம்மா அவளைப் பார்த்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தள்ளிக்கொண்டார். வசந்தா சேலைத் துண்டை நாலாக மடித்து, சரியாக அந்த வெற்றிலையளவு இடத்தின்மேல் விரித்து, அதன்மேல் தட்டை வைத்தாள். கீழே வைத்தாளா என்று கேட்கும்படி, ஓசையே வராமல் வைத்தாள்.

"துணி விரிச்சு வைக்கிறா" என்றார் அம்மா, என்னிடமல்ல, ரத்னத்திடமல்ல, வானத்தைப் பார்த்து. பிறகு வசந்தாவின் அப்பாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஐயா, உள்ள வந்து பேச ஒண்ணுமில்ல. எங்களுக்குப் புடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா இங்கயே தட்ட மாத்திக்குவோம்."

"காருக்கு மேலயாங்க?"

"காருக்கு மேலதான்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்ன, அப்புத்தளை பசாரில், பாதி ஊர் சுற்றி நிற்க, மட்கார்டின்மேல் எங்களுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பையனின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்று ரத்னம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பதுளைக்கு வெளியே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் வீடு எடுத்துக்கொண்டோம். மட்கார்டுக்கு அம்மா புதுப் பெயின்ட் அடித்துவிட்டார். கீறல் இல்லாத கார் என்றால் பதுளையில் அது ஒன்றுதான் என்கிற நிலைமைக்குக் கொண்டு வந்தார். இலை மேலே விழுந்தால் ஊதித்தான் தள்ளுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தால், அவருக்கும் வசந்தாவுக்கும் பேசுவதற்குத் துணி, களிம்பு, என் குறைகள் என்று விஷயங்களுக்குப் பஞ்சமே இருக்காது.

அடுத்த மழைக்காலத்தில், நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தபோது, ஒரு காலையில் வசந்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. இரண்டு நாள் அடைமழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. நான் மண்சரிவின்மேல் ஏறி இறங்கி அம்மாவின் வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க நான் முழுதும் சொல்லி முடிக்கவில்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துவிட்டார்.

"ரோடு இல்லங்கம்மா."

"தோட்டத்துக்குள்ளால போவோம். கொழுந்து லொறி போற பாதை ஒண்ணு இருக்கு, ஏறு."

அது பாதை இல்லை. இரண்டு பக்கமும் உன்னி முள்ளும் காட்டுச் செடியும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருந்த சந்து. போகும்போதும், வசந்தாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போதும், காரின் இரண்டு பக்கமும் முள் இழுக்கிற சத்தம் தகரத்தில் ஆணி கீறுவதுபோல விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பல் கூசியது. அம்மா ஒருமுறைகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. "மூச்ச விடு கண்ணு, மூச்ச விடு, இந்தா வந்துட்டோம்" என்று கண்ணாடியில் வசந்தாவைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்த பிறகுதான் நான் வெளியே வந்து காரைப் பார்த்தேன். முன்விளக்கிலிருந்து டிக்கிவரை, இரண்டு பக்கமும், உழுத வயல். எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. அவரோ காரைச் சுற்றிக்கொண்டு போய், சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

சில மாதம் கழித்தும் கார் அப்படியே இருந்தது. பொனட் மின்னும், கூரை மின்னும். இரண்டு பக்கமும் கீறல். முதலாளியிடம் அப்போது நல்ல களிம்பெல்லாம் வரத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு டப்பாவும் மெத்தென்ற துணியும் வாங்கிக்கொண்டு, வசந்தாவோடும் மகளோடும் அவருடைய வீட்டுக்குப் போய், "இன்னிக்கு நானே தேய்க்கிறேங்கம்மா" என்று கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அம்மா என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார்.

"அது இருக்கட்டும் தம்பி" என்றார். "அது இவ வந்த வழி."